கையெழுத்து இல்லாத வேலைக்குச் சான்று சேர்ப்பது எப்படி?

ராமநாதபுரம் கடற்கரையில் வேலைக்குச் சேர்வது பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான். "நாளைக்கு வந்துருப்பா" என்று சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, சொன்னால் விசைப்படகு வேலை. "நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வாங்கக்கா" என்று ஆள் கூட்டி வரும் மேஸ்திரி சொன்னால் நண்டுக் கம்பெனி வேலை. உப்பளத்திலும் ஐஸ் கம்பெனியிலும் கருவாட்டுக் கொட்டகையிலும் இதே கதைதான். சம்பளம் நிற்கும்போது, வலை இழுக்கும் வின்ச் இயந்திரத்தில் விரல் போகும்போது, "இனி வர வேண்டாம்" என்று சொல்லும்போதுதான் காகிதம் தேவைப்படுகிறது. அப்போது முதலாளி தரப்பு சொல்லும் முதல் பதில், "இவர் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை."

அந்த மறுப்பை உடைத்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது. சம்பளம் தரவில்லை, குறைத்துத் தந்தார்கள், அநியாயமாகப் பிடித்தார்கள் என்று ஒரு தொழிலாளி மனுப் போட்டால், கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். ஊதியச் சட்டத் தொகுப்பின் 59ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆனால் அந்தப் பாரம் முதலாளி தலையில் ஏறுவதற்கு முன், அவரிடம் வேலை பார்த்ததை நீங்கள் காட்டியாக வேண்டும். அதனால் இந்தக் கையேட்டில் சான்று சேர்ப்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பணிக்கொடைச் சட்டம், விபத்து இழப்பீட்டுச் சட்டம் உட்பட 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. மாறுகிற காலம் என்பதால் அலுவலகங்களில் பழைய பெயர்களும் பழைய படிவங்களும் புழங்கும். மனுவில் புதிய தொகுப்பின் பெயரையும் பழைய சட்டத்தின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். தவறான சட்டத்தில் போட்டிருக்கிறீர்கள் என்று திருப்பி அனுப்ப அப்போது இடமிருக்காது.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொந்த நாட்டுப்படகில் அண்ணன் தம்பியாகத் தொழில் செய்பவர்கள், கடலில் பாசி எடுத்துத் தாங்களே விற்கும் பெண்கள், சொந்தப் பொறுப்பில் மிதவை கட்டிப் பாசி வளர்ப்பவர்கள் சுயதொழில் செய்பவர்கள். அவர்களுக்கு நல வாரியமும் காப்பீடும் உண்டு. முதலாளி மேல் சம்பள வழக்கு கிடையாது.

வேலை பார்த்ததற்குச் சான்று

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் பணி நியமனக் கடிதம் கொடுப்பது இப்போது கட்டாயம். ஏற்கெனவே கடிதமில்லாமல் இருந்தவர்களுக்கும், சட்டம் அமலான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் "பாத்துக்கலாம்மா" என்று பதில் வந்தால், அந்தப் பதிலே நீங்கள் அங்கே வேலை பார்ப்பதற்குச் சான்று.

கடிதம் கிடைக்காவிட்டால் சின்னச் சின்னச் சான்றுகளைச் சேர்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் பலவீனமானவைதான். ஒன்றோடொன்று பொருந்தும்போது மறுப்பது கடினம். இவற்றில் மிகச் சிறந்தது அன்றன்று எழுதும் நோட்டு. பத்து ரூபாய் நோட்டு போதும். நண்டுச் சதை எடுக்கும் ஒருவரின் நோட்டில் ஒரு நாள் வரவு இப்படி இருக்கலாம்:

"12.8. காலை 6 முதல் மாலை 4 வரை. சதை 3 கிலோ 200 கிராம். எடை போட்டது மேஸ்திரி. பக்கத்தில் இருந்தவர்கள்: இருவர் பெயர். இன்று தந்தது இல்லை. பாக்கி 4 நாள்."

தேதி, நேரம், அளவு, எடை போட்டவர், சாட்சி, பாக்கி எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. ஒரே நாளில் ஒரே பேனாவில் மூன்று மாதக் கணக்கை உட்கார்ந்து எழுதினால் குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் தாங்காது. விடுபட்ட நாளை விடுபட்டதாகவே விடுங்கள்.

படகில் போகிறவருக்குச் சான்று வேறு. ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போகும் முன் மீன்வளத் துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அன்று அந்தப் படகு கடலுக்குப் போனது என்பதற்கு அது அரசுப் பதிவு. படகின் பதிவு எண்ணை முழுதாக எழுதி வையுங்கள். ராமேஸ்வரம் விசைப்படகுகளில் அது ஐ.என்.டி., டி.என். 10, எம்.எம். என்று தொடங்கும். கரைக்கு வந்து மீன் இறக்கும்போது படகு எண் தெரிகிற மாதிரி ஒரு படம், மீன் விற்ற சீட்டின் படம், பங்கு பிரித்த கணக்கின் படம் மூன்றும் சேர்ந்தால் வலுவான சான்று. ஜிபே, போன்பே வழியாகப் பணம் வந்திருந்தால் வங்கியில் கணக்கு விவரம் அச்சடித்து வாங்கிக்கொள்ளுங்கள். செயலியில் தெரிவதை நம்பி இருக்க வேண்டாம். போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போய்விடும்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். குரல் செய்தி என்றால் இன்னும் நல்லது. மின்னணுச் சான்றுக்கு, போன் வைத்திருப்பவரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட்ட சான்றுப் பத்திரம் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. வழக்கறிஞர் எழுதித் தருவார், ஆனால் மூலப் போன் கையில் இருக்க வேண்டும்.

பங்குக்குப் போகிற கடலோடிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. "அவர் கூலியாள் இல்லை, பங்காளி" என்பார் சம்மாட்டி. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைப் பிரித்துக்கொள்வதால் மட்டும் ஒருவர் பங்காளி ஆகிவிடுவதில்லை. படகும் மடியும் (வலை) யாருடையது, இன்ஜின் பழுதானால் யார் செலவு, கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது யார், நாளை முதல் வராதே என்று சொல்லக்கூடியவர் யார் என்ற கேள்விகளுக்குப் பதில் எல்லாம் ஒரே ஆளைக் காட்டினால், அவர் முதலாளி. மனுவில் இந்த நான்கையும் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள்.

சம்பளம்

தினக்கூலி அன்றைய வேலை முடிந்ததும் தர வேண்டும். வாரக்கூலி வாரத்தின் கடைசி வேலைநாளில். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தப்பட்டாலும் இரண்டு வேலைநாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி.

கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எடைக்கு எவ்வளவு என்று பேசியிருந்தாலும், நாள் முழுக்க வேலை செய்தவருக்கு அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச நாள் கூலிக்குக் கீழே போகக் கூடாது. குறைந்தால் மிச்சத்தைக் கம்பெனி போட்டுத் தர வேண்டும். தமிழ்நாட்டில் அகவிலைப்படி ஒவ்வோர் ஏப்ரல் 1ஆம் தேதியும் மாறும் என்பதால் பழைய பட்டியலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று, இதுவும் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை: காலையில் வேலைக்கு வந்துவிட்டீர்கள், "இன்னைக்கு நண்டு வரலை" என்று பத்து மணிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். நாள் கூலி நிர்ணயிக்கப்பட்ட வேலையில், வேலை கொடுக்காதது முதலாளி தரப்பு என்றால் முழு நாள் கூலி உங்களுக்குச் சேரும். நோட்டில் அந்த நாளையும், வந்த நேரம், அனுப்பிய நேரத்தோடு எழுதுங்கள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு வேறு வேறு கூலி வைப்பதும் சட்ட மீறல். உப்பு வாரும் வேலையில் இதை வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அது வழக்கமே என்றாலும் சட்டத்தின் முன் நிற்காது.

சம்பளப் பாக்கியைக் கேட்டு அதிகாரியிடம் போடும் கேட்பு மனுவுக்கு மூன்று ஆண்டு அவகாசம். பல பேர் சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாம். பதிவுபெற்ற சங்கமும் போடலாம். நண்டுக் கம்பெனியில் எட்டுப் பேருக்குப் பாக்கி என்றால் ஒரே மனுவே நல்லது, ஏனென்றால் ஒருவருக்கு ஒருவர் சாட்சி. அதிகாரி பாக்கித் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் சேர்த்து உத்தரவிட அதிகாரம் உண்டு. ஆள் கூட்டி வந்த மேஸ்திரி காசைச் சாப்பிட்டுவிட்டார் என்று கம்பெனி கைகழுவ முடியாது. அவர் தரவில்லை என்றால் கம்பெனிதான் தர வேண்டும். அதனால் மனுவில் மேஸ்திரி, கம்பெனி இரண்டு பெயரையும் போடுங்கள். மேஸ்திரியை மட்டும் எதிர்மனுதாரராகப் போட்டு, உத்தரவு வாங்கி, வசூலிக்க ஆளில்லாமல் நிற்பது அடிக்கடி நடக்கிற தவறு.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்கள் என்றால் பதிவு செய்த கைபேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுங்கள். கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியில் வரும். சம்பளத்தில் பிடித்தும் கணக்கில் ஏறாவிட்டால் அது தனிக் குற்றம்.

முன்பணம்

விசைப்படகுத் தொழிலில் முன்பணம் வாங்காதவர் குறைவு. முன்பணம் வாங்குவது குற்றமில்லை, கொடுப்பதும் குற்றமில்லை. அது கடன், சம்பளத்தில் கழிக்கலாம். ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மீதிக் கடனுக்கு முதலாளி சிவில் நீதிமன்றம் போகலாம். அதற்காக ஆளைப் பிடித்து வைக்க முடியாது.

எல்லை எங்கே என்றால், முன்பணத்தைக் காட்டி வேறு படகுக்குப் போகவிடாமல் தடுப்பது, ஆதார் அட்டையையோ வங்கி அட்டையையோ வாங்கி வைத்துக்கொள்வது, கடன் தீரும்வரை மனைவி பிள்ளைகளும் கொட்டகையில் வேலை செய்ய வேண்டும் என்பது. இவை 1976ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டம் புதிய தொகுப்புகளில் கரையவில்லை, தனியாகவே நிற்கிறது. கொத்தடிமை என்று உறுதியானால் கடன் முழுதும் அற்றுப்போகும். கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிப்பது கொடுத்தவர் வேலை. ராமநாதபுரம், பரமக்குடி என இரண்டு வருவாய்க் கோட்டங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர் எதில் வருகிறதோ அந்தக் கோட்டத்தின் வருவாய் அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். விடுவிப்புச் சான்று கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். உடனடி உதவி 30,000 ரூபாய் வரையும், அதற்குப் பிறகான மறுவாழ்வுத் தொகையும் அந்தச் சான்றை வைத்துத்தான்.

வெற்றுப் பத்திரத்திலும் புரோநோட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டாகிவிட்டது என்றால், இன்ன தேதியில் இன்ன தொகை வாங்கியபோது எழுதாத தாளில் கையெழுத்து வாங்கினீர்கள் என்று ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு பெரிய தொகை நிரப்பப்பட்டால் இந்தக் கடிதம்தான் துணை.

விபத்து

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் கம்பெனி இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சேர்ந்து, உங்களுக்கும் அட்டை இருந்தால் விபத்துப் பலன் இ.எஸ்.ஐ.யிடமிருந்து, முதலாளி மேல் இழப்பீட்டு மனு நிற்காது. படகு, சின்னக் கொட்டகை, உப்புப் பாத்தி போன்ற இடங்களில் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. இருக்காது. அங்கே முதலாளியே பொறுப்பு.

அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது "வீட்டில் விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுகிறார்கள். முதலாளி கூடவே வந்து செலவு செய்வதால் அவருக்காகச் சொல்வது. அந்த ஒரு வரி விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. எந்தப் படகு, எந்த இயந்திரம், எத்தனை மணி என்று உண்மையைச் சொல்லுங்கள். கடலில் நடந்தது என்றால் கரைக்கு வந்ததும் கடலோரக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். கூட வந்தவர்களின் பெயரும் போன் எண்ணும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அவர்கள் வேறு துறைமுகத்தில் இருப்பார்கள்.

இழப்பீட்டுக் கணக்கு இப்படி. மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் 50 சதவீதம், முழு நிரந்தர ஊனம் என்றால் 60 சதவீதம். அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். காரணி 25 வயதுக்கு 216.91, 35க்கு 197.06, 45க்கு 169.44, 55க்கு 135.56. மாதச் சம்பளத்துக்கு 2020 ஜனவரி அறிவிக்கைப்படி உச்சவரம்பு 15,000 ரூபாய்.

படகு ஆளின் மாதச் சம்பளத்தைக் கண்டுபிடிப்பதில்தான் ஏமாற்று நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த வெறும் நாட்களையும் சேர்த்து 12 மாதச் சராசரி எடுத்தால் சம்பளம் சரிந்துவிடும். ஆனால் 14 நாளுக்கு மேல் வேலை விட்டுப்போனால் தொடர்ச்சி அறுந்தது என்பது சட்டம். தடைக்காலம் அதை அறுத்துவிடுகிறது. எனவே தடை முடிந்து கடலுக்குப் போன நாளிலிருந்து விபத்து வரை கிடைத்த கூலியை, அந்தக் காலத்தின் மொத்த நாட்களால் வகுத்து, 30ஆல் பெருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள்தான் கடல் என்பதால் நடுவில் வரும் சும்மா நாட்கள் தொடர்ச்சியை அறுக்காது. வகுக்கும்போது அவையும் எண்ணிக்கையில் சேரும். புயல் எச்சரிக்கையோ வேலைநிறுத்தமோ 14 நாளைத் தாண்டினால் அதற்குப் பிறகு கடலுக்குப் போன நாளிலிருந்து எண்ண வேண்டும்.

ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 12 வரை 59 நாள். பங்காகக் கிடைத்தது 26,550 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் நாளுக்கு 450, மாதத்துக்கு 13,500. வயது 35. வின்ச்சில் வயர் ரோப் சுற்றி ஒரு கையின் கட்டைவிரல் போய்விட்டது. சட்டத்தில் உள்ள காய அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு. 13,500இல் 60 சதவீதம் 8,100. அதை 197.06ஆல் பெருக்கினால் 15,96,186. அதில் 30 சதவீதம் 4,78,856 ரூபாய். இது தவிர மருத்துவச் செலவு முழுதும் முதலாளி பொறுப்பு. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. இதே ஆள் இறந்திருந்தால் குடும்பத்துக்கு 13,30,155 ரூபாய். ஊர்க்கூட்டத்தில் "ஒரு லட்சம் வாங்கிக்கிட்டு முடிச்சுக்கலாம்" என்று பேசுவதற்கு முன் குடும்பத்தார் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

மரண இழப்பீட்டை முதலாளி நேரடியாகக் கையில் கொடுத்துவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. அதிகாரியிடம் கட்ட வேண்டும். அவர்தான் மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்குப் பிரித்துக் கொடுப்பார். "இனி உரிமை கோர மாட்டோம்" என்று எழுதி வாங்கிய தாளும் செல்லாது. துக்க வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று கலங்கி, மனுப் போடாமல் இருந்துவிடாதீர்கள். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் வரும் 5 லட்சமும் வேறு, இதுவும் வேறு, இரண்டையும் கேட்கலாம்.

"குடித்திருந்தார்" என்ற வாதம் அடிக்கடி வரும். மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் அந்த வாதம் எடுபடாது. மற்றக் காயங்களுக்கு எடுபடலாம்; அதனால் மருத்துவப் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். மனுவுக்குக் கால வரம்பு இரண்டு ஆண்டு.

வேலையை விட்டு நிற்கும்போது

பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை உண்டு. குறித்த காலத்துக்கென்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தவருக்கு ஓராண்டு போதும். எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கு, கடைசி மூன்று மாதத்தில் கூடுதல் நேரக் கூலி போக நாளுக்குச் சராசரி எவ்வளவு என்று பார்த்து, ஆண்டுக்கு 15 நாள் கூலி. நாளுக்கு 400 ரூபாய், எட்டு ஆண்டு என்றால் 48,000. பருவத்தில் மட்டும் இயங்கும் இடமாக இருந்து, பருவத்துக்கு மட்டும் ஆள் எடுத்தால் பருவத்துக்கு 7 நாள் கூலி. நின்ற 30 நாளுக்குள் எழுத்தில் கேளுங்கள். தாமதித்தாலும் உரிமை போகாது, ஆனால் காரணம் சொல்ல வேண்டிவரும்.

காரணமில்லாமல் நிறுத்தினால் சமரச அதிகாரியிடம் மனுப் போட்டு, 45 நாளில் முடியாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இதற்கும் இரண்டு ஆண்டுக்குள். "ராஜினாமா செய்கிறேன்" என்று எழுதித் தரச் சொன்னால் தராதீர்கள். அந்த ஒரு தாள் இந்த வழியை அடைத்துவிடும்.

எங்கே போவது

ராமநாதபுரத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் தொடங்குங்கள். விபத்துக்கும் பணிக்கொடைக்கும் எந்த அதிகாரி என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனு பயன் தரும். ஆனால் அது கேட்பு மனு ஆகாது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் இரண்டு ஆண்டும் மூன்று ஆண்டும் ஓடிக்கொண்டேயிருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.

வழக்கறிஞருக்குக் காசில்லை என்று பின்வாங்க வேண்டியதில்லை. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை நியமிக்கும். உதவி எண் 15100.

சம்பள மனுவில் உத்தரவு வந்தும் முதலாளி தரவில்லை என்றால் அதிகாரியிடம் வசூல் சான்று கேளுங்கள். அது ஆட்சியருக்குப் போகும். நில வரிப் பாக்கியைப் போல வசூலிப்பார்கள். சான்று போய்ச் சேர்ந்த கோப்பு எண்ணை வாங்கிக்கொண்டு, தாசில்தார் அலுவலகத்தில் மாதம் ஒரு முறை எழுத்து மூலம் கேளுங்கள். படகை விற்கப் பார்க்கிறார் என்று காதில் விழுந்தால், அன்றே படகின் பதிவு எண்ணோடு அவர்களுக்கு எழுதிக் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிவிடுங்கள்.